எட்டடி தள்ளி உட்கார்ந்த டாக்டர்

இது கொஞ்சம் நீளமான பதிவு. அடுப்பில் பால் வைத்திருப்பவர்கள் இறக்கி வைத்துவிட்டு வாருங்கள்.

போன வாரம், 2001ஆம் வருடப் பத்தாம் வகுப்பு மாணவன் ஒருவன் வியட்நாமிலிருந்து ஒரு படம் அனுப்பினான். வேலை விஷயமாக ஹனோய் போயிருக்கிறான். மோட்டார் சைக்கிள் கூட்டத்துக்கு நடுவே நின்று எடுத்த படம். ஆணும் பெண்ணும் பாதிப் பேர் முகத்தை மூடிக்கொண்டு போகிறார்கள். "டீச்சர், கொரோனா போயும் இவங்க மாஸ்க்கைக் கழட்டலை, தூசிக்குப் போடுறாங்களாம்" என்று எழுதியிருந்தான். "அந்த ஊரில் கார்லோ உர்பானி என்று ஒரு டாக்டர் இருந்தாரே, கேள்விப்பட்டிருக்கிறாயா?" என்று கேட்டேன். இல்லை என்றான். அவன் படித்த வகுப்பில் நான் சொல்லியிருக்க முடியாது, சம்பவம் நடந்ததே 2003இல்தான். அடுத்தடுத்த வருடங்களில் படித்தவர்களுக்குச் சொல்லியிருக்கிறேன். உங்களில் எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. அன்றைக்கு ஓய்வறையில் கிடந்த செய்தித்தாளிலிருந்து கத்தரித்து ஒட்டிய துண்டு என் நோட்டில் இன்னும் இருக்கிறது, பசை காய்ந்து மஞ்சளாக.

கார்லோ உர்பானி இத்தாலிக்காரர். 1956 அக்டோபர் 19இல் காஸ்டெல்பிளானியோ என்ற சின்ன ஊரில் பிறந்தார். அந்நாட்டின் கிழக்குக் கடற்கரைப் பக்கம், அன்கோனா நகரத்துக்கு உள்ளே தள்ளி இருக்கும் மலைச்சரிவு ஊர். அப்பா அம்மா இருவரும் கல்வித்துறைக்காரர்கள். வாத்தியார் வீட்டுப் பிள்ளை என்று படித்ததும் எனக்கு ஒரு ஒட்டுதல் வந்துவிட்டது, மறைப்பானேன்.

அன்கோனாவில் மருத்துவம் படித்து 1981இல் பட்டம் வாங்கினார். பிறகு மெசினாவில் தொற்றுநோய்க்கும் வெப்பமண்டல நோய்களுக்கும் மேற்படிப்பு. முதலில் பொது மருத்துவராக இருந்தார். பிறகு மச்செராட்டா நகரத்து மருத்துவமனையில் தொற்றுநோய்ப் பிரிவில் வேலை. நிரந்தர வேலை, நல்ல சம்பளம், பக்கத்திலேயே சொந்த ஊர், மனைவி ஜூலியானா, குழந்தைகள். ஆர்கன் வாத்தியம் வாசிப்பார், போட்டோ எடுப்பார். நம் ஊரில் ஒருவருக்கு இப்படி அமைந்தால் ஜாதகத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வோம்.

அவரோ விடுமுறை வந்தால் சக டாக்டர்களோடு முதுகில் மருந்துப் பையை மாட்டிக்கொண்டு ஆப்பிரிக்காவுக்குப் போய்விடுவார். அங்கே அவர் கண்ட நோய்கள் பெரும்பாலும் புழுக்களால் வருபவை. இந்தப் புழு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உர்பானியின் உண்மையான வேலை அதுதான். கடைசி ஒரு மாதத்தை வைத்துத்தான் உலகம் அவரைத் தெரிந்துகொண்டது. அதற்கு முந்தைய பல வருடங்கள் அவர் பிள்ளைகளின் வயிற்றுப் புழுவோடுதான் மல்லுக்கு நின்றார்.

ஷிஸ்டோசோமா என்று ஒரு புழு. நன்னீரில் இருக்கும் நத்தைக்குள் வளர்ந்து தண்ணீரில் இறங்கும். அந்தத் தண்ணீரில் குளிப்பவர், துணி துவைப்பவர், மீன் பிடிப்பவர் தோல் வழியாக உள்ளே புகுந்துவிடும். அது இடும் முட்டைகள் ஈரலில் போய்த் தங்கும். வருடக்கணக்கில் அப்படியே போனால் ஈரலும் மண்ணீரலும் வீங்கி, வயிற்றில் நீர் கோத்து, ஒட்டிய முகமும் பானை வயிறுமாகப் பிள்ளைகள் நிற்பார்கள். இதற்கு மருந்து இருக்கிறது, பிரசிகுவான்டெல் என்று பெயர். எடைக்குத் தகுந்தபடி கொடுக்க வேண்டும். எடை பார்க்கும் கருவி இல்லாத கிராமங்களில் என்ன செய்வது? அதற்கு ஒரு கோலில் கோடு போட்டு வைத்திருக்கிறார்கள். பிள்ளையைக் கோலுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் உயரத்தைப் பார்த்து இத்தனை மாத்திரை என்று கொடுத்துவிடலாம். எழுதப் படிக்கத் தெரிந்த ஒரு வாத்தியார் போதும், டாக்டர் வேண்டியதில்லை.

1996இல் உர்பானி 'எல்லைகளற்ற மருத்துவர்கள்' அமைப்பில் சேர்ந்து கம்போடியாவுக்குப் போனார். மீகாங் ஆற்றங்கரைக் கிராமங்களில் இந்தப் புழுதான் வேலை. மனைவி மக்களை இத்தாலியில் விட்டுவிட்டுப் போகவில்லை, கூடவே அழைத்துப் போனார். அப்போதுதான் உள்நாட்டுப் போர் ஓய்ந்துகொண்டிருந்த நாடு, கண்ணிவெடி புதைந்த நாடு. இந்த இடத்தில் நம் வீட்டுப் பெரியவர்கள் 'இது என்ன பொறுப்பு?' என்று கேட்பார்கள் என்று தெரியும். நானும் கேட்டேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். அந்த மனிதருக்குக் குடும்பம் வேண்டாம் என்றிருந்தால் தனியாகப் போய் வருவது எவ்வளவு சுலபம்! குடும்பத்தையும் வேலையையும் பிரித்து வைக்க அவருக்கு மனம் வரவில்லை.

1999இல் அந்த அமைப்பின் இத்தாலியக் கிளைக்குத் தலைவரானார். அதே வருடம் அமைப்புக்கு அமைதிக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஆஸ்லோவுக்குப் போய்ப் பரிசு வாங்கிய குழுவில் உர்பானியும் ஒருவர். அதன் பிறகு உலக சுகாதார நிறுவனத்தின் அதிகாரியாக ஹனோய் வந்தார். வியட்நாமும் சுற்றியுள்ள நாடுகளும் அவர் பொறுப்பு. இப்போது மூன்று குழந்தைகள், கடைசிப் பெண் சின்னஞ்சிறுசு.

அங்கேயும் வேலை பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழுதான். உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு. 2001இல் உலக சுகாதாரப் பேரவை ஒரு தீர்மானம் போட்டது. புழுத்தொற்று அபாயத்தில் இருக்கும் பள்ளி வயதுப் பிள்ளைகளில் குறைந்தது 75 சதவீதம் பேருக்கு 2010க்குள் ஒழுங்காக மருந்து போய்ச் சேர வேண்டும் என்று.

கொக்கிப்புழுவைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காலை வணக்கக் கூட்டத்தில் வெயில் ஏறுவதற்குள் தொப்பென்று விழும் பெண் பிள்ளைகளை எத்தனை பேரை நான் தூக்கியிருக்கிறேன்! பல்பம் தின்னும் பிள்ளைகள், சுவரில் சுண்ணாம்பைச் சுரண்டித் தின்னும் பிள்ளைகள், கீழிமையை இழுத்துப் பார்த்தால் வெள்ளையாக இருக்கும். செருப்பில்லாத காலில் புகுந்து குடலில் தொங்கிக்கொண்டு ரத்தத்தைக் குடிக்கும் புழு. அந்தப் பிள்ளைகளைத்தான் நாங்கள் 'மந்தம்' என்று கடைசி பெஞ்சில் உட்கார வைத்தோம். மன்னித்துக்கொள்ளுங்கள். பிறகுதான் பள்ளியிலேயே மாத்திரை கொடுக்கும் காலம் வந்தது.

இனி அந்த ஒரு மாதம்.

2002 நவம்பரிலிருந்தே சீனாவின் குவாங்டாங் மாகாணத்தில் ஒரு புது வகை நிமோனியா பரவிக்கொண்டிருந்தது. வெளியே செய்தி சரியாக வரவில்லை. அந்த நோயாளிகளைப் பார்த்த டாக்டர் ஒருவர், வயது 64, உறவினர் வீட்டுக் கல்யாணத்துக்காக 2003 பிப்ரவரி 21 அன்று ஹாங்காங் வந்து மெட்ரோபோல் என்ற ஓட்டலில் ஒன்பதாம் மாடியில் ஓர் இரவு தங்கினார். கல்யாணத்துக்குப் போகிற அவசரத்தில் உடம்பைப் பார்க்காமல் கிளம்புவது நமக்குப் புதிதா என்ன? அந்த ஓட்டலில் அந்த நாட்களில் தங்கியிருந்தவர்கள் வழியாக நோய் சிங்கப்பூர் போனது, கனடாவின் டொரன்டோ போனது, ஹனோயும் போனது. ஹனோய்க்குப் போனவர் ஜானி சென் என்ற அமெரிக்க வியாபாரி. பிப்ரவரி 26இல் அங்கிருந்த பிரெஞ்சு மருத்துவமனையில் சேர்ந்தார். சாதாரண நிமோனியா மருந்து எதற்கும் கேட்கவில்லை. பறவைக் காய்ச்சலாக இருக்குமோ என்று டாக்டர்களுக்குப் பயம். 28ஆம் தேதி உலக சுகாதார நிறுவனத்துக்குப் போன் செய்தார்கள். தொற்றுநோய் தெரிந்தவர் என்று உர்பானி போனார்.

புழு டாக்டர்தான். நிமோனியா அவருடைய துறை என்று சொல்ல முடியாது. 'இது என் வேலை இல்லை' என்று சொல்லி ஒரு கடிதம் எழுதிப் போட்டிருக்கலாம், அரசு வேலையில் இருந்தவர்களுக்கு அந்தக் கடிதத்தின் வாசகம் மனப்பாடம். அவர் தினமும் அந்த மருத்துவமனைக்குப் போனார். நோயாளியைப் பார்த்தார், மாதிரிகளை எடுத்துப் பரிசோதனைக் கூடங்களுக்கு அனுப்ப ஏற்பாடு செய்தார், யாரிடமிருந்து யாருக்குப் போகிறது என்று தேதிவாரியாகக் குறித்தார், முகக்கவசம் போடுங்கள், மேலங்கி போடுங்கள், நோயாளிகளைத் தனியே வையுங்கள் என்று ஊழியர்களுக்குச் சொல்லிக்கொடுத்தார். மேலிடத்துக்கு 'இது வழக்கமான காய்ச்சல் இல்லை' என்று அறிக்கை அனுப்பிக்கொண்டே இருந்தார்.

மார்ச் 5க்குள் அந்த நோயாளியைப் பார்த்துக்கொண்ட ஊழியர்களில் ஏழு பேர் படுத்துவிட்டார்கள். பிறகு அது இருபதைத் தாண்டியது. நோயாளியைத் தொட்டுத் துடைக்கும் நர்சுகள், டாக்டர்கள். ஊழியர்கள் பலர் வீட்டுக்குப் போனால் பிள்ளைகளுக்கு ஒட்டிவிடும் என்று மருத்துவமனைக்குள்ளேயே தங்களைப் பூட்டிக்கொண்டார்கள். இவர்களுடைய பெயர்கள் உலகத்துக்குத் தெரியாது. அவர்களில் சிலர் திரும்பவில்லை.

அந்த வாரத்தில்தான் உர்பானி வீட்டில் சண்டை நடந்தது. சண்டை என்று நான் சொல்கிறேன், ஜூலியானா பிறகு பத்திரிகைக்காரர்களிடம் நாகரிகமாகத்தான் சொல்லியிருக்கிறார். மூன்று பிள்ளைகளுக்கு அப்பா நீங்கள், இப்படி நோயாளிகள் பக்கத்திலேயே போய் நிற்பது பொறுப்பில்லாத காரியம் என்று கேட்டாராம். இந்த மாதிரி நேரத்தில் வேலை செய்ய முடியாதென்றால் நான் இங்கே எதற்கு இருக்கிறேன், மின்னஞ்சலுக்குப் பதில் எழுதவும் விருந்துக்குப் போகவும் காகிதம் நகர்த்தவுமா என்று இவர் திருப்பிக் கேட்டாராம்.

2003இல் ஓய்வறையில் இதைப் படித்தபோது என் கை அப்படியே நின்றுவிட்டது. ஏனென்று உறவினர்களுக்குத் தெரியும், மாணவர்களுக்குத் தெரியாது. சொல்கிறேன்.

நீங்கள் 'பிளீச்சிங் பவுடர் சார்' என்று பட்டப்பெயர் வைத்துக் கூப்பிட்டீர்களே (எனக்குத் தெரியாது என்று நினைத்தீர்கள்), அந்த என் வீட்டுக்காரர் அந்நாளில் சுகாதார ஆய்வாளர். எங்களுக்குப் பெரியவனுக்கு ஏழு வயது, சின்னவள் இன்னும் பால்குடி மறக்கவில்லை. ஒரு கோடையில் ஆற்றில் தண்ணீர் இல்லாமல் ஊற்றுத் தோண்டிக் குடித்துக்கொண்டிருந்த காலம், இரண்டு ஊர் தள்ளி ஒரு தெருவில் வாந்தி பேதி கண்டது. காலரா என்ற சொல்லை எவரும் வாய் திறந்து சொல்லவில்லை, 'பேதி' என்றுதான் சொன்னார்கள். இவர் சைக்கிளில் பிளீச்சிங் டப்பாவையும் உப்புச் சர்க்கரைப் பொட்டலங்களையும் கட்டிக்கொண்டு கிளம்பினார். நான் வாசல் நிலையில் கையை வைத்து மறித்தேன்.

"ரெண்டு பிள்ளைங்களை வச்சுக்கிட்டு ஊரு பீயை அள்ளப் போறீங்களா? உங்களுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் எங்க போய் நிக்கறது?"

வார்த்தை அப்படித்தான் வந்தது. மறைக்கவில்லை. அவர் கோபப்படவில்லை. "நான் போகலைன்னா அந்தக் கெணத்துல யாரும்மா மருந்து போடுவா? உக்காந்து பயணப்படி பில்லு எழுதவா எனக்குச் சம்பளம் குடுக்கறாங்க?" என்று கேட்டார். என் கைக்குக் கீழே குனிந்து போய்விட்டார்.

பதினோரு நாள் வீட்டுக்கு வரவில்லை. அந்த ஊர்ப் பள்ளிக்கூடத் திண்ணையில் படுத்துக்கொண்டு கிணறு கிணறாக மருந்து போட்டார். பன்னிரண்டாம் நாள் வந்தவர் வாசலுக்குள் நுழையவில்லை. தெருவில் புளியமரத்தடியில் நின்றுகொண்டு, கொல்லையில் வெந்நீர் போட்டு வை, பிள்ளைகளை உள்ளே கூட்டிக்கொள் என்று சத்தம் போட்டார். பெரியவன் "அப்பா" என்று ஓடினான். "அங்கேயே நில்லுடா" என்று ஓர் அதட்டல். அவன் அழுதுவிட்டான். போட்டிருந்த துணியெல்லாம் கொதிக்கிற அண்டாவுக்குள் போயிற்று. நான் அதற்குப் பிறகும் ஒரு வாரம் பேசவில்லை. நான் செய்தது சரி என்று நினைத்தேன். இன்றைக்கும் முழுக்கத் தப்பு என்று நினைக்கவில்லை.

இத்தாலியில் பிறந்து வியட்நாமில் குடியிருந்த ஒரு பெண் என் வார்த்தையையே சொன்னதாகச் செய்தித்தாளில் படித்தால் எப்படி இருக்கும்? என் வீட்டுக்காரர் திரும்பி வந்தார். அவருடையவர் வரவில்லை. எனக்கும் அவருக்கும் வித்தியாசம் அவ்வளவுதான். காலராவுக்குக் கிணற்றில் மருந்து உண்டு, கொதித்த தண்ணீர் உண்டு, உப்புச் சர்க்கரைக் கரைசல் உண்டு. சார்ஸுக்கு அன்றைக்குப் பெயர்கூட இல்லை.

சரி, கதைக்கு வருகிறேன். மார்ச் 9, ஞாயிற்றுக்கிழமை. வியட்நாமில் உலக சுகாதார நிறுவனத்தின் பிரதிநிதியாக இருந்த பாஸ்கல் புருதோன் என்ற பிரெஞ்சுப் பெண்மணியும் உர்பானியும் சுகாதார அமைச்சகத்துக்குப் போனார்கள். நான்கு மணி நேரப் பேச்சு. ஒரு நோய் ஒரே ஒரு தனியார் மருத்துவமனையில் இருக்கிறது. அதை உலகத்துக்கு அறிவித்தால் சுற்றுலாக்காரர் வர மாட்டார், வியாபாரம் படுக்கும், நாட்டின் பெயர் கெடும். எந்த அரசாங்கமும் இந்த இடத்தில் கையைப் பிசையும். சீனாவில் மூடி வைத்ததன் பலன்தான் அங்கே வந்து நிற்கிறது. ஆனால் வியட்நாம் அரசு அந்த ஞாயிற்றுக்கிழமை சரியான முடிவை எடுத்தது. மருத்துவமனையைத் தனிமைப்படுத்த ஒப்புக்கொண்டது, வெளிநாட்டு வல்லுநர்களை வரச் சொன்னது. வரலாற்றில் போர்களின் தேதியைத்தான் உங்களுக்கு மனப்பாடம் செய்யச் சொன்னேன். இந்த மாதிரி ஞாயிற்றுக்கிழமைகளையும் சொல்லிக்கொடுத்திருக்க வேண்டும்.

மார்ச் 12இல் உலக சுகாதார நிறுவனம் உலகம் முழுவதற்கும் எச்சரிக்கை விட்டது. 15ஆம் தேதி நோய்க்கு சார்ஸ் என்று பெயர் வைத்து, பயணிகளுக்கும் விமான நிறுவனங்களுக்கும் அறிவுரை கொடுத்தது.

உலக எச்சரிக்கைக்கு முந்தைய நாளே, மார்ச் 11, உர்பானி பாங்காக்குக்கு விமானம் ஏறியிருந்தார். எதற்கு? பிள்ளைகளுக்குப் புழு மாத்திரை கொடுப்பது பற்றிய மாநாடு, அதில் அவர் பேச வேண்டும். இத்தனை அமளிக்கு நடுவிலும் பழைய வேலையை விடவில்லை. விமானத்திலேயே காய்ச்சல் தெரிந்துவிட்டது. பத்து நாட்களாக மற்றவர்கள் உடம்பில் பார்த்துக் குறித்து வைத்த அதே அறிகுறிகள். என்னவென்று அவருக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

பாங்காக் விமான நிலையத்தில் அவரை அழைத்துப் போக அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தைச் சேர்ந்த டாக்டர் ஒருவர் வந்திருந்தார். பக்கத்தில் வராதீர்கள், தொடாதீர்கள் என்று உர்பானி கையைக் காட்டி நிறுத்தினார். இரண்டு நாற்காலிகள், நடுவே எட்டடி இடைவெளி. பாதுகாப்பு உடை போட்ட ஆம்புலன்ஸ் ஆட்கள் வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. அதுவரைக்கும் இருவரும் அப்படியே பேசாமல் உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்கு இந்தக் கதையில் நோபல் பரிசைவிட அந்த ஒன்றரை மணி நேரம்தான் பெரிது. ஒரு டாக்சி பிடித்து ஓட்டலுக்குப் போயிருக்கலாம். 'ஒன்றுமில்லை, அலைச்சல்' என்று மாத்திரை போட்டுக்கொண்டு மாநாட்டு மேடை ஏறியிருக்கலாம். ஹாங்காங் கல்யாணத்துக்கு வந்தவரும் டாக்டர்தானே? அவரைக் குறை சொல்ல நான் யார், அவருக்கு விஷயம் முழுதாகத் தெரிந்திருக்காது. இவருக்குத் தெரிந்திருந்தது, தெரிந்தபடி நடந்துகொண்டார். பாங்காக் இன்னொரு ஹனோய் ஆகவில்லை.

மருத்துவமனையில் அவருக்காக அவசரமாக ஒரு தனிமை அறை தயார் செய்தார்கள். ஜூலியானாவிடம், பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு காஸ்டெல்பிளானியோவுக்குப் போய்விடு என்றுதான் உர்பானி சொன்னார். அவர் பிள்ளைகளை மட்டும் அனுப்பிவிட்டுத் தான் பாங்காக்குக்கு வந்து சேர்ந்தார். தொட முடியாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவர், இந்தப் பக்கம் இவர், நடுவே பேசுவதற்கு ஒரு கருவி. நினைவோடு இருந்த கணவரை அவர் பார்க்க முடிந்ததே கொஞ்ச நேரம்தான். பிறகு நுரையீரல் இடம் கொடுக்காமல் செயற்கைச் சுவாசம்.

நினைவு தெளிந்த ஒரு சமயம் பாதிரியாரை வரச் சொன்னார். தன் நுரையீரல் திசுவை ஆராய்ச்சிக்கு எடுத்துக்கொள்ளும்படி சொன்னார். மார்ச் 29, சனிக்கிழமை காலை உயிர் பிரிந்தது. 46 வயது. படுத்த பதினெட்டாம் நாள்.

அவர் குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் வரவில்லை.

ஏப்ரல் 28 அன்று, சார்ஸை அடக்கிவிட்ட முதல் நாடு வியட்நாம் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. அங்கே நோய் கண்டவர் 63 பேர், இறந்தவர் 5 பேர். ஜூலை 5இல் உலக அளவிலேயே பரவல் நின்றது. மொத்தம் 29 நாடுகள், 8,096 பேர், இறப்பு 774. நம் இந்தியாவில் மூன்று பேருக்குக் கண்டது, ஒருவரும் இறக்கவில்லை. 2020ஐப் பார்த்த நமக்கு இந்த எண்கள் எத்தனை சின்னவை! அதற்கு நோயின் குணமும் ஒரு காரணம். சார்ஸ் வந்தவர் படுத்த பிறகுதான், அதுவும் இரண்டாவது வாரத்தில்தான் அதிகம் பரப்புவார். கொரோனாவோ இருமல் வருவதற்கு முன்பே தாவிவிடும். ஆகவே நோயாளியைக் கண்டுபிடித்துத் தனியே வைத்தாலே சார்ஸை நிறுத்த முடிந்தது. ஆனால் கண்டுபிடிக்க வேண்டும் என்று எவராவது கிளம்பிப் போக வேண்டுமே.

அமெரிக்க ஆய்வாளர்கள் அந்தக் கிருமியைப் பிரித்தெடுத்தபோது அந்த வகைக்கு 'உர்பானி' என்று பெயர் வைத்தார்கள். மரியாதைக்குத்தான் வைத்தார்கள். கொன்ற கிருமிக்கே செத்தவன் பெயரா என்று எனக்கு அது கொஞ்சம் உறுத்துகிறது. வயிற்றுப் புழு போன ஒரு வகுப்பறைக்கு அந்தப் பெயரை வைத்திருக்கலாம்.

2003இல் பல பத்திரிகைகள் 'வீரர்', 'தியாகி' என்று எழுதின. எனக்கு அந்தச் சொற்கள் பிடிப்பதில்லை. தியாகி என்று சொல்லிவிட்டால், வாசலில் மறித்த மனைவி கதையில் இடைஞ்சல் செய்தவள் ஆகிவிடுகிறாள். ஜூலியானா கேட்டது நியாயமான கேள்வி. மூன்று குழந்தைகளின் பெயரால் கேட்ட கேள்வி. உர்பானி சொன்ன பதிலும் நியாயம். இரண்டும் ஒரே வீட்டுக்குள் இருந்தன. 2020 ஏப்ரலில் உங்கள் எத்தனை வீடுகளில் இதே பேச்சு நடந்தது என்று எனக்குத் தெரியும். நர்சாக இருக்கும் நம் பெண்கள் நான்கு பேர் அப்போது எனக்குப் போன் செய்து அழுதிருக்கிறார்கள். ஒருத்தி இரண்டு மாதம் தன் பிள்ளையை மாமியார் வீட்டு ஜன்னல் வழியாகத்தான் பார்த்தாள். அவளிடம் நான் ஒரு புத்திமதியும் சொல்லவில்லை. சாப்பிட்டாயா என்று மட்டும் கேட்டேன்.

இத்தாலியில் அவர் பெயரில் ஒரு சங்கம் நடக்கிறது. ஏழை நாடுகளில் மருத்துவ உதவி செய்கிறார்கள். குடும்பத்தாரும் அதில் இருக்கிறார்கள்.

இதையெல்லாம் எழுதி முடித்து நேற்று ராத்திரி என் வீட்டுக்காரருக்குப் படித்துக் காட்டினேன். இப்போது காது கொஞ்சம் மந்தம், உரக்கப் படிக்க வேண்டும். புளியமரத்தடி வந்தபோது சிரித்தார். "பதினோரு நாள் இல்லை, ஒன்பது நாள்" என்று திருத்தினார். நான் பதினோரு நாள் என்றுதான் வைத்திருக்கிறேன், எண்ணிக்கொண்டிருந்தது நான். எட்டடி தள்ளி உட்கார்ந்த இடம் வந்ததும், "மறுபடி படி" என்றார். படித்தேன். கொஞ்ச நேரம் கழித்து, "அந்த அம்மா புள்ளைங்களை எப்படி வளத்துச்சோ" என்று சொல்லிவிட்டு, மோட்டார் நிறுத்தப் போய்விட்டார்.

பிள்ளைகளே, பள்ளிக்கூடத்தில் குடற்புழு நீக்க மாத்திரை கொடுக்கும் நாள் பிப்ரவரி 10, அப்புறம் ஆகஸ்டிலும் ஒரு தடவை. உங்கள் பிள்ளைகளை அன்று லீவு போட வைக்காதீர்கள். அல்பெண்டசோல் 400 மில்லிகிராம், நன்றாக மென்று சாப்பிட வேண்டும், முழுங்கக் கூடாது. ஒன்றிலிருந்து இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்குப் பாதி மாத்திரை, அங்கன்வாடியில் நசுக்கிக் கொடுப்பார்கள். போன வருடம் என் பேத்தி கசக்கும் என்று கன்னத்தில் ஒதுக்கி வைத்துக்கொண்டு வந்து வீட்டில் துப்பினாள். டீச்சர் வீட்டுப் பிள்ளையே இப்படி!

ஹனோய்க்காரனுக்கு: நீ கேட்டபடி எழுதிவிட்டேன். தண்ணீரைக் காய்ச்சிக் குடி. பச்சை மீன் சாப்பிடாதே, அதிலும் புழு உண்டு.

அன்புடன்,
உங்கள் டீச்சர்